ஆர்மோனியம் கூடும், கிற்றார் கூடாதா?

நமது இலக்கியக் கூட்டங்களில் சில காலமாக ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது: கலப்படம். மிளகாய்த் தூளில் செங்கல் தூளைக் கலப்பவனுக்குச் சொல்ல வேண்டிய சொல்லை நண்பர்கள் பாட்டுக்குச் சொல்கிறார்கள். நாட்டார் கவியைப் பேண வேண்டுமாம், அது மாசுபடாமல் இருக்க வேண்டுமாம், அந்நிய வாத்தியம் எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாதாம். ஒரு நண்பர் இன்னும் ஒரு படி மேலே போய், 1960களில் இங்கிலாந்தின் ஹிப்பிப் பொடியன்கள் தங்கள் நாட்டுப் பாட்டைக் கெடுத்த மாதிரி நாமும் நமது கவியைக் கெடுத்துவிடக் கூடாது என்று மேடையிலேயே எச்சரித்தார். சபை கைதட்டியது. அந்தப் பொடியன்களின் பாட்டை அவர் ஒரு தடவையாவது கேட்டிருந்தால் அந்த உதாரணத்தின் பக்கமே போயிருக்க மாட்டார். நான் கேட்டிருக்கிறேன். ஆகவே இதை எழுதுகிறேன்.

அவர் குறிப்பிட்ட இசைக்கு ஆங்கிலத்தில் சைக்கடெலிக் ஃபோக் என்று பெயர். மனமயக்க நாட்டாரிசை என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். பெயரே கோளாறான பெயர்தான். எல்.எஸ்.டி. போன்ற போதைப் பொருட்கள் தரும் மனநிலையோடு சம்பந்தப்படுத்தி வைத்த பெயர் அது. அந்தக் காலத்து இளைஞர்கள் பலர் அதைப் பாவித்ததும் உண்மை, சிலர் அதனால் சீரழிந்ததும் உண்மை. போதைக்கு வக்காலத்து வாங்குவதற்கு நான் வரவில்லை. பாடசாலை வாசலில் அதே சனியனோடு தினமும் மல்லுக்கட்டுகிற வாத்தியார் நான். ஆனால் ஒரு பாட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குப் பதிலாக, பாடியவன் எதைக் குடித்தான் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வது விமர்சனம் ஆகாது. அந்த அளவுகோலை எடுத்தால் நவீன தமிழ்க் கவிதையில் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதை நண்பர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த இசை மாவடிப்பள்ளிக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கட்டாரில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் கைத்தொலைபேசிக்கு ஒரு பாட்டை அனுப்பி, “சேர், இதக் கேளுங்க, நம்மட வயல் கவி மாதிரி இரிக்கி” என்று எழுதியிருந்தான். ஷெர்லி கொலின்ஸ் என்ற பெண் பாட, டேவி கிரஹாம் என்பவர் கிற்றார் வாசிக்கிறார். 1960களின் நடுப்பகுதியில் வந்த இசைத்தட்டு. அந்தக் குரலில் எந்த ஒப்பனையும் இல்லை. கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டு பாடுகிற பெண்ணின் குரல். கிற்றாரோ இங்கிலாந்துக் கிற்றார் மாதிரியே ஒலிக்கவில்லை. அது எங்கோ மேற்கே, அறபுக் கடைத்தெருவில் நின்று ஒலித்தது. பொடியன் சொன்னது சரிதான் என்று எனக்குப் பட்டது. ஏன் சரி என்று விளங்கிக்கொள்வதற்குத்தான் பல மாதங்கள் பிடித்தன.

அதற்கு முதலில் ஒரு பழைய கதை. 1903ஆம் ஆண்டு செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் இங்கிலாந்தின் சமர்செட் பகுதியில் ஹேம்பிரிஜ் என்ற கிராமத்துக்குப் போயிருந்தபோது, ஜோன் இங்கிலண்ட் என்ற தோட்டக்காரர் வேலை செய்துகொண்டே பாடிய ‘காதலின் விதைகள்’ என்ற பாட்டைக் கேட்டார். அன்று தொடங்கியவர், சாகும் வரையில் ஏறத்தாழ 5000 மெட்டுகளைச் சேகரித்தார். அவர் இல்லாவிட்டால் அவற்றில் பல மண்ணோடு போயிருக்கும். ஆனால் சேகரித்த பாட்டை அவர் வெளியிட்ட விதம் இருக்கிறதே, அங்கேதான் வில்லங்கம். பல மெட்டுகளுக்குப் பியானோப் பக்கவாத்தியம் எழுதினார். பாடசாலைகளில் பிள்ளைகள் பாடுவதற்கென்று 1906இல் ஒரு தொகுப்பும் வந்தது. வகுப்பறைக்கு ஒவ்வாத சொற்கள் சலவை செய்யப்பட்டன. தோட்டக்காரரின் பாட்டு, கழுத்துப் பட்டி அணிந்து வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் பாட்டாயிற்று.

பியானோவில் என்ன குற்றம்? ஷார்ப் சேகரித்த பாட்டுகளில் பெரும்பாலானவை தனிக்குரலில், எந்தச் சுரக்கூட்டின் துணையும் இல்லாமல் பாடப்பட்டவை. பியானோ அப்படி விடாது. இது மேஜரா மைனரா என்று முதலிலேயே கேட்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே ஒரு மூட்டையைக் கட்டிவிடும். மெட்டு பிறகு அந்த மூட்டைகளை இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆனாலும் அதைக் கலப்படம் என்று எவரும் சொல்லவில்லை. பியானோ அவர்களுடைய வீட்டு வாத்தியம் அல்லவா!

இனி டேவி கிரஹாமுக்கு வருவோம். 1940இல் பிறந்தவர்; தாய் கயானா நாட்டவர், தந்தை ஸ்கொட்லாந்துக்காரர். 1960களின் தொடக்கத்தில் மொரோக்கோவின் தாஞ்சியர் நகருக்குப் போனார். அங்கே ஊத் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்டபோது, தன் கிற்றார் ஒத்துவரவில்லை என்று கண்டார். ஆறு நரம்புகளில் மூன்றை ஒவ்வொரு முழுச் சுரம் இறக்கினார். அப்போது கிடைத்ததுதான் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று இன்று உலகம் முழுதும் கிற்றார்காரர்கள் சொல்லும் சுருதி. நமது கணக்கில் சொன்னால் ச-ப-ச-ம-ப-ச. காந்தாரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். மேஜரா மைனரா என்று தீர்மானிக்கிற சுரம் காந்தாரம்தான். அது இல்லாததால் கிற்றார் எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் அடியில் ஒரே சீராக ரீங்கரிக்கிறது. மெட்டு தன் பாட்டில் போகிறது, நிற்கிறது, வளைகிறது, ஈற்றசையை நீட்டுகிறது. ஊத்துக்காகக் கண்டுபிடித்த சுருதி இங்கிலாந்தினதும் அயர்லாந்தினதும் பழம் பாட்டுகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. சொந்த வீட்டுப் பியானோ அறுபது வருடங்களாகக் கட்டிவைத்திருந்த மெட்டை மொரோக்கோவிலிருந்து வந்த சுருதி அவிழ்த்து விட்டது.

இந்த ஒரு விடயத்துக்குக் கலப்படக் கட்சி நண்பர்கள் பதில் சொல்லட்டும். மெட்டைக் கெடுத்தது எது, காப்பாற்றியது எது?

அவர்களில் மிகவும் விசித்திரமானவர்கள் எடின்பரோவிலிருந்து வந்த இன்கிரெடிபில் ஸ்ரிங் பேண்ட் குழுவினர். கிளைவ் பாமர், றொபின் வில்லியம்சன், மைக் ஹெரன் என்று மூவர். 1966இல் முதல் இசைத்தட்டு வந்த கையோடு பாமர் ஆப்கானிஸ்தானுக்கும் இந்தியாவுக்கும் புறப்பட்டார், வில்லியம்சன் மொரோக்கோவுக்குப் போனார். வில்லியம்சன் திரும்பி வந்தபோது கையில் ஏராளம் வாத்தியங்கள். பிறகு இருவராகச் சேர்ந்து 1967இல் ‘ஐயாயிரம் ஆவிகள் அல்லது வெங்காயத்தின் அடுக்குகள்’, 1968இல் ‘தூக்குப் போடுபவனின் அழகிய மகள்’ என்று இரண்டு தட்டுகள் வெளியிட்டார்கள். இரண்டாவது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரைக்கும் ஏறியது. அதிலே ஊத் இருக்கிறது, மொரோக்கோவின் கிம்ப்ரி இருக்கிறது, சித்தாரும் ஷெனாயும் இருக்கின்றன, தகரப் புல்லாங்குழலும் தேவாலயத்து ஓர்கன் சாயலும் இருக்கின்றன. பதின்மூன்று நிமிடம் ஓடுகிற ஒரு பாட்டில் பஹாமாஸ் தீவின் பிந்தர் குடும்பம் பாடிய கிறிஸ்தவப் பக்திப் பாட்டு ஒன்று வந்து புகுந்துகொள்கிறது, அமீபாவும் வருகிறது. பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் மட்டுமே நான் கண்டிருந்த பிராணி.

எல்லாம் அற்புதம் என்று நான் சொல்ல வரவில்லை. சில இடங்களில் பொறுமை போய்விடும். சித்தாரை வாசிக்கத் தெரிந்து வாசிக்கிறார்களா என்றே சந்தேகம் வரும். குரல் சுருதியை விட்டு ஓடி, பிறகு வெட்கப்படாமல் திரும்பி வரும். ஆனாலும் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றுகிறது? அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை என்பதனால்தான் என்று நினைக்கிறேன். தங்கள் பாட்டியின் தாலாட்டும் தாஞ்சியரின் தெருவும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரன் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு சஹனில் நாலு பேர் கையை வைக்கிற சமூகத்தில் பிறந்த நமக்கு அது விளங்கவில்லை என்றால் வேறு யாருக்கு விளங்கும்?

இனி நம் வாசலுக்கு வருவோம். கவி ‘தூய்மையானது’ என்று சொல்கிறார்களே, அந்தத் தூய்மையைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். றபான் மலாய்க்காரரின் றெபானா. பெயரையே மாற்றாமல் வைத்திருக்கிறோம். பொல்லடி அண்டை வீட்டுக் கோலாட்டத்தின் தம்பி. பாவாமாரின் பைத்தில் அறபும் தமிழும் ஒன்றையொன்று தோளில் சுமந்துகொண்டு போகின்றன. வயல் கவியில் வருகிற மச்சானும் மச்சியும் காரைதீவிலிருந்து எங்கள் ஊர் தாண்டிச் சம்மாந்துறை வரைக்கும் இரண்டு சமூகத்தின் வாயிலும் ஒரே மச்சானும் மச்சியும்தான். வட்டையில் அடுத்தடுத்த கண்டத்தில் நின்றவர்கள் ஒருவர் பாட்டை மற்றவர் கேட்காமல் காதைப் பொத்திக்கொண்டா வேளாண்மை வெட்டினார்கள்? இன்னும் பெரிய சாட்சி வேண்டுமென்றால் சீறாப்புராணத்தைத் திறவுங்கள். உமறுப்புலவர் அறபு நாட்டுக்குத் தமிழ் நிலத்தின் வயலையும் ஆற்றையும் கொண்டுபோய் வைத்தார். கலந்தால் கெட்டுவிடும் என்பது கொள்கையானால் முதலில் சீறாவைத்தான் அலுமாரியிலிருந்து வெளியே போட வேண்டும். அதற்கு எவருக்கும் தைரியம் இல்லை, இருக்கவும் கூடாது.

1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் இந்த மண்ணின் கவிகளில் மனம் பறிகொடுத்தார். வெளியூர்க்காரர், ஆங்கிலம் படித்த பெரிய உத்தியோகத்தர். நமது மூத்தம்மாமாரின் வாயில் கிடந்ததை இலக்கியம் என்று கண்டார். அவர் நட்புக் கொண்டிருந்த விபுலாநந்த அடிகள் பிறந்தது எங்கள் ஊருக்குப் பக்கத்துக் காரைதீவில். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் சிலப்பதிகாரத்தின் சுரங்களைக் கண்டுபிடிப்பதற்கு அடிகள் துணைக்கு எடுத்தது மேல்நாட்டுப் பௌதிகத்தையும் கணிதத்தையும். தூய்மைவாதிகள் அடிகளின் படத்தை மேடையில் மாட்டிவிட்டுத்தான் அந்நியத்தைத் திட்டுகிறார்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் பின்னர் அலைந்து திரிந்து சேகரித்தவை இல்லாவிட்டால் இன்று நமக்குப் பேசுவதற்கே பொருள் இருந்திருக்காது. ஆசிரியர் கலாசாலையில் நான் படித்த காலத்தில் நாட்டார் பாடல் ஒரு பாடமாகவே இருந்தது. தாலாட்டு, தொழில், காதல், ஒப்பாரி என்று நான்கு பெட்டியில் போட்டு மனனம் செய்தோம். இரண்டு வருடத்தில் ஒரு கவியைக் கூட எவரும் பாடிக் காட்டியதாக ஞாபகம் இல்லை.

இந்தத் தீவில் கலந்து பார்த்தவர்கள் இல்லாமலுமில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தில் தமிழைப் போட்டுப் பாடியபோது படித்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ‘சின்ன மாமியே’ இன்றும் கலியாண வீடுகளில் ஒலிக்கிறது. மூக்கைப் பொத்தியவர்கள் எழுதிய கட்டுரைகள் எங்கே கிடக்கின்றன என்று தெரியவில்லை.

அண்மையில் ஒரு பாடசாலை மட்டப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். எந்தப் போட்டி, எங்கே என்பது இங்கு முக்கியமில்லை. பத்தாம் வகுப்புப் பொடியன்கள் நால்வர். ஒருவன் தன் மூத்தம்மாவிடம் பாடம் கேட்டுப் பழகிய ஐந்து கவிகள். நானா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கிற்றார் ஒருவனிடம் இருந்தது. நரம்புகளை ச-ப-ச-ம-ப-ச என்று இறக்கிக் கொடுத்தேன். பாடுகிறவன் மூத்தம்மா பாடிய மாதிரியே, தாளத்துக்குக் கட்டுப்படாமல், ஈற்றை நீட்டி நீட்டிப் பாடினான். கிற்றார் அடியில் வண்டு மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவன் றபானை விரல் நுனியால் மட்டும் தொட்டான். நல்ல பாட்டு. மண்டபத்தில் பின் வாங்கில் இருந்த வயதான ஒருவர் எழும்பி நின்றே கேட்டார். நடுவர் குழுவின் குறிப்பு ஒரே வரி: கிற்றார் நமது பாரம்பரியம் அல்ல, கலப்படம். முதலிடம் பெற்ற அணி ஆர்மோனியமும் தபேலாவும் வைத்து, அட்டையில் வெட்டிய தாக்கத்தியை ஆட்டிக்கொண்டு, மூன்று கட்டையில் சினிமாக் கோஷ்டி மாதிரிப் பாடியது. கவியைத் தாளத்துக்குள் அடைத்து நான்கு நான்காக வெட்டியிருந்தார்கள். அதுதான் பாரம்பரியமாம்!

ஆர்மோனியம் 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் உருவான வாத்தியம். இந்திய இசைக்கு ஒவ்வாத அந்நியப் பொருள் என்று அகில இந்திய வானொலி அதை 1940இல் தடை செய்து, பல வருடங்கள் தள்ளி வைத்திருந்தது. எந்த வட்டையிலும், எந்த வாடியிலும், எந்தக் களவெட்டியிலும் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கவி பாடியவன் இல்லை. ஷார்ப்பின் பியானோவுக்கு இங்கே பெயர் ஆர்மோனியம், அவ்வளவுதான் வித்தியாசம். நெடுநாள் பழகிய அந்நியனை மாமா என்று கூப்பிடுகிறோம், நேற்று வந்தவனை வாசலில் மறிக்கிறோம். இந்தி சினிமா மெட்டுக்கு இஸ்லாமிய கீதம் எழுதிப் பாடியதை ஐம்பது வருடமாக ரசித்த காதுகளுக்குத் திடீரென்று இந்த நுட்பம் எங்கிருந்து வந்தது?

மார்க்க ரீதியாக இசையே கூடாது என்பவர்களோடு நான் இங்கே வாதாட வரவில்லை. அது உலமாக்களின் துறை; அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும், கலியாணத்தில் தஃப் அடிப்பதற்கு இடமிருக்கிறது என்பதையும் மட்டும் அறிவேன். இசையைத் தவிர்ப்பவரின் பேணுதலை மதிக்கிறேன். என் வழக்கு, இசை கூடும் என்று ஏற்றுக்கொண்டு கலை இலக்கிய மேடையில் உட்கார்ந்திருப்பவர்களோடுதான். ஆனாலும் இங்கே ஒரு செய்தி நமது வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ‘ஹிப்பிப் பொடியன்’களில் சிலர் பின்னர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்? மைட்டி பேபி என்ற குழுவைச் சேர்ந்த சிலர் மொரோக்கோவுக்குப் போய், மெக்னஸ் நகரத்து ஷெய்க் முஹம்மத் இப்னுல் ஹபீபின் வழியில் இஸ்லாத்தை ஏற்றார்கள். ஷாதுலிய்யாத் தரீக்காவின் ஒரு கிளை அது. நமது நாட்டுக்கும் காயல்பட்டினத்துக்கும் அறிமுகமான தரீக்கா. ஹபீபிய்யா என்ற பெயரில் 1972இல் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டில் திக்ரின் சாயல் இருக்கிறது.

ஃபெயார்போர்ட் கன்வென்ஷன் குழுவில் 1969இல் பழம் பாட்டுகளை மின்கிற்றாரில் எழுப்பி வாசித்த றிச்சர்ட் தொம்ஸனும் அந்த வட்டாரத்தின் வழியாகத்தான் முஸ்லிமானார். 1975இல் வந்த தட்டின் உறையில் அவர் தலைப்பாகையோடு நிற்கிறார். பிறகு கொஞ்சக் காலம் இசையை விட்டு விலகி இருந்தார், 1978இல் திரும்பி வந்தார். இன்றும் தொழுகையாளியாக, கிற்றார்காரராக இருக்கிறார். கெட் ஸ்டீவன்ஸ் என்ற யூசுப் இஸ்லாமை நாம் எல்லோரும் அறிவோம், அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கிற்றாரைப் பிடித்தவன் எல்லாம் மதீனாவுக்குப் போவான் என்று நான் சொல்லவில்லை. தன் பாட்டியின் பாட்டை விட்டுவிடாமலே அந்நியனின் வாசலில் போய் உட்கார்ந்தவர்களில் சிலருக்கு அந்த வாசல் வழியாகவே ஒரு வழியும் கிடைத்தது.

ஒரு எதிர்வாதம் மட்டும் என்னை யோசிக்க வைத்தது. அவர்கள் வெள்ளைக்காரர்கள்; காலனி ஆண்ட கையால்தான் ஊத்தையும் சித்தாரையும் எடுத்தார்கள்; கிழக்கு அவர்களுக்கு ஓர் அலங்காரப் பொருள்; தாஞ்சியரில் வாசித்த அந்த ஊத்காரனின் பெயர் எந்தத் தட்டிலும் இல்லை என்று ஒரு இளம் விரிவுரையாளர் சொன்னார். நியாயம். சித்தாரை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொண்ட தட்டுகள் அந்தக் காலத்தில் எத்தனையோ வந்தன, அவற்றை நானும் ஒதுக்கிவிட்டேன். ஆனால் இந்த வாதம் நம்மை எங்கே கொண்டு போகிறது? ஆண்டவன் எடுத்தால் அது கொள்ளை என்கிறீர்கள், ஆளப்பட்டவன் எடுத்தால் அது கலப்படம் என்கிறீர்கள். மாவடிப்பள்ளிப் பொடியன் கிற்றாரைத் தொட்டு யாரைக் கொள்ளையடித்தான்? டேவி கிரஹாமின் சுருதியில் ஊத்தின் பங்கு இருக்கிறது. ஊத் நமது உம்மத்தின் வாத்தியம். அது லண்டனைச் சுற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது. வந்தவனை யார் பிள்ளை என்று விசாரிக்காமலே துரத்துகிறோம்.

வேளாண்மை வெட்டுக்கு இன்று மெசின் வருகிறது. அந்தச் சத்தத்தில் எவரும் கவி பாடுவதில்லை. பாட்டு பிறந்த வேலை போய்விட்டது. இனி அது வேறு எங்காவது குடியேறினால்தான் உண்டு. என் அலுமாரியில் இருக்கிற கவித் தொகுப்புகளில் சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. ஷார்ப்பாவது மெட்டை எழுதி வைத்தார். எங்கள் ஊரில் மெட்டோடு கவி சொல்லக்கூடிய மூத்தம்மாமாரை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பொடியன்கள் கைத்தொலைபேசியில் பதிந்துகொண்டு வருகிறார்கள், இரண்டு பேரின் கவிகள் முடிந்துவிட்டன. ஒருவர் மட்டும், ஆம்பிளைப் பொடியன்களுக்கு முன்னால் பாட மாட்டேன் என்கிறார். அவருக்குப் பேத்தியை அனுப்பியிருக்கிறோம்.

இந்தக் கட்டுரைக்கு மறுப்பு எழுத விரும்பும் நண்பர்கள் தாராளமாக எழுதட்டும், ஆசிரியர் இடம் தருவார். எழுதுவதற்கு முன் 1968ஆம் ஆண்டின் அந்தப் பதின்மூன்று நிமிடப் பாட்டை ஒரு தடவை, இடையில் நிறுத்தாமல், கேட்டுவிட்டு எழுதினால் நல்லது. இணையத்தில் கிடைக்கிறது.